சுவரில் வரைந்த முடிவிலி

இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்துத் தூரம் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண்ணை வைப்பவர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு மேலே தனியாக இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஃபோகஸ் செய்யலாம், பட்டனையும் அழுத்தலாம். ஃபைண்டரில் ஒரு குறையும் தெரியாது. லென்ஸ் ஒரு தூரத்திலும் ஃபைண்டர் வேறொரு தூரத்திலும் நின்றால், பிலிமைக் கழுவிக் காயப்போடும் வரை விஷயம் வெளியே வராது.

என்னிடம் வந்த ஜோர்க்கி-4 அப்படித்தான் இருந்தது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க்கில் 1956 முதல் 1973 வரை செய்த மாடல். ஊட்டியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம், இனி வைத்துக்கொள்ள இடமில்லை என்று ஜூபிடர்-8 லென்ஸோடு கொடுத்தது. குன்னூர் ஸ்டேஷனில் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரை, அவரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்று எடுத்தேன். ஃபைண்டரில் அவர் கண்ணின் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நெகட்டிவில் அவருக்குப் பின்னால் எஞ்சினின் ரிவெட்டுகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி விழுந்திருந்தன. முகம் கலங்கியிருந்தது.

50 மி.மீ. லென்ஸை எஃப்/2-ல் முழுசாகத் திறந்து 1 மீட்டரில் இருப்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். எஃப்/8-க்கு மூடினால் அதுவே 18 சென்டிமீட்டர் ஆகிவிடும். சமவெளி வெயிலில் எஃப்/8, எஃப்/11 என்று எடுத்துக்கொண்டிருப்பவரின் கேமராவில் பிசகு பல வருஷம் தெரியாமலே கிடக்கும். இங்கே அப்படி முடியாது. மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கிவிட்டால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும்; சோலைக்காட்டுக்குள் போனால் சொல்லவே வேண்டாம். லென்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். நீலகிரியில் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர்களுக்கு அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்ளே நடப்பது எளிது. மூக்குக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமுமாகக் குதிக்கும். விரலைத் தள்ளிப் பிடித்தால் குதிப்பு குறையும். கேமராவின் இரண்டு ஜன்னல்களும் அந்த இரண்டு கண்கள். ஒன்றில் வரும் காட்சி நேராகக் கண்ணுக்கு வருகிறது. மற்றொன்றில் வருவது, திரும்பக்கூடிய ஒரு பாகத்தின் வழியாகப் போய், பாதி வெள்ளி பூசிய ஒரு கண்ணாடியில் பட்டு, முதல் காட்சியின் நடுவில் ஒரு சின்னக் கட்டமாக உட்காருகிறது. லென்ஸைத் திருகும்போது அதன் பின்பக்க வளையம் கேமராவுக்குள் இருக்கும் ஒரு நாக்கைத் தள்ளுகிறது. நாக்கு அந்தத் திரும்பும் பாகத்தை அசைக்கிறது. இரண்டு பிம்பங்களும் சேரும் இடத்தில் லென்ஸும் சரியான தூரத்தில் நிற்க வேண்டும். அந்த "வேண்டும்" எவ்வளவு உண்மை என்பதைத்தான் நாம் சோதிக்கப் போகிறோம்.

இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம். ஜோர்க்கி-4-ல் அது 38 மி.மீ. அதே சோவியத் நாட்டின் ஃபெட்-2-ல் 67 மி.மீ. 1954-ல் வந்த லைக்கா எம்3-யில் 68 மி.மீ.க்குச் சற்று மேல். அடித்தளம் நீளமாக இருந்தால் நுணுக்கம் கூடும். பிசகும் பெரிதாகக் கண்ணில் படும்.

இணையத்தில் பார்த்தால் எல்லாரும் முதல் வரியிலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கச் சொல்கிறார்கள். தூரத்தில் ஒரு கோபுரத்தைப் பார், லென்ஸை முடிவிலியில், அதாவது மிகத் தொலைவுக்கான கடைசி நிலையில் வை, பிம்பங்கள் சேரவில்லையா, ஸ்க்ரூவைத் திருப்பு. இந்த வரிசை எனக்கு ஏற்புடையதல்ல. லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும் இடத்தில் லென்ஸ் உண்மையாகவே முடிவிலியில் நிற்கிறதா என்று யார் பார்த்தது? அறுபது வருஷத்துக்கு முந்தைய லென்ஸை நடுவில் யாரோ கழற்றிச் சுத்தம் செய்திருப்பார்கள். உள்ளே இருந்த மெல்லிய வளையத் தகடு ஒன்று மேஜையிலேயே தங்கியிருக்கலாம். திருகுமரையை ஒரு சுற்றுத் தள்ளி மாட்டியிருக்கலாம். தப்பான லென்ஸுக்கு ஏற்றபடி ஃபைண்டரைத் திருப்பினால் பிசகு இரண்டு ஆகிவிடும்.

எங்கள் தெருவில், அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். கேமரா பற்றி அவருக்கு அக்கறை கிடையாது; அளவு பற்றி உண்டு. ஜோர்க்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஆடாம நிக்கிறது எது தம்பி?" என்று கேட்டார்.

பிலிம் உட்காரும் தளம்தான் என்றேன்.

"அப்ப அங்கிருந்து அளந்துட்டு வாங்க. அதை விட்டுட்டு மேலே திருகினா எதுக்கு எதை ஒத்திப் பாக்கறதுன்னே தெரியாமப் போயிரும்."

இந்த வேலை முழுவதும் அவர் சொன்னதில் அடங்கியிருக்கிறது. பிலிம் தளம் முதலில். லென்ஸ் இரண்டாவது. ரேஞ்ச்ஃபைண்டர் கடைசியில்.

பிலிம் தளத்தில் என்ன விழுகிறது என்று பார்க்க ஒரு சொரசொரப்பான கண்ணாடி வேண்டும். இதை வீட்டிலேயே செய்துவிடலாம். கண்ணாடிக் கடையில் 2 மி.மீ. கண்ணாடியில் ஒரு துண்டு, 35 மி.மீ. அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கிடைக்கும், மெல்லிய ரகம். இன்னொரு கண்ணாடித் துண்டின் மேல் அதைத் தடவி, சில சொட்டு தண்ணீர் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு முகம் சீராக வெளுத்துவிடும். ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிவிடுங்கள், கையும் பிழைக்கும், கேமராவும் பிழைக்கும். மங்கலான செல்லோடேப்பை இழுத்து ஒட்டியும் பார்க்கலாம் என்பார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் டேப் நடுவில் தொய்யும். எஃப்/2-ல் பிலிம் தளத்தில் நமக்கு இருக்கும் இடம் முன்னே 0.06 மி.மீ., பின்னே 0.06 மி.மீ., அவ்வளவுதான். ஒரு தொய்வு அதைத் தின்றுவிடும்.

சோதனைக்கு ஒரு ரோல் போட்டு எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமை நாடு முழுவதும் அனுப்பிய காலத்தில் அப்படிக் கேட்டிருக்கலாம். பிலிம் செய்த மலையில் இருந்துகொண்டே, இன்று ரோலை வெளிநாட்டிலிருந்து வருவித்து வாங்குகிறோம். கண்ணாடித் துண்டு அதே கேள்விக்குப் பைசா செலவில்லாமல், அந்த நிமிஷமே பதில் சொல்கிறது.

ஜோர்க்கி-4-ல் ஒரு வசதி, அடியில் இருக்கும் இரண்டு சாவிகளைத் திருப்பினால் பின்பக்கம் முழுவதுமாகக் கழன்று வந்துவிடும். பிலிம் ஓடும் இடத்தில் நான்கு தண்டவாளங்கள் தெரியும். வெளியே இருக்கும் இரண்டும் பின்தகடு அழுந்துவதற்கு. உள்ளே, சற்றுத் தாழ்வாக இருக்கும் இரண்டில்தான் பிலிம் படிகிறது. கண்ணாடி அந்த உள் தண்டவாளங்களில்தான் உட்கார வேண்டும். அதற்காகத்தான் அகலத்தை அளந்து வெட்டுவது. வெளுத்த முகம் லென்ஸைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு ரப்பர் பேண்டால் அசையாமல் கட்டிவிடுங்கள். ஷட்டரை ஏற்றிய பிறகு வேகத்தை பி-க்கு (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) மாற்றுங்கள். இந்த கேமராவில் ஏற்றுவதற்கு முன் வேகத்தை மாற்றவே கூடாது, உள்ளே பழுதாகும். பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்து நிறுத்துங்கள். தலையில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலிருந்து பார்த்தால் குன்னூர் தலைகீழாகத் தெரியும். உருப்பெருக்கி இல்லாவிட்டால் வேறு ஒரு 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், ஐந்து மடங்கு பெரிதாகக் காட்டும்.

இப்போது முடிவிலி. மலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொடை. சமவெளியில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நேர்கோட்டைத் தேட மொட்டை மாடி ஏற வேண்டும். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர் மேட்டில் செல்போன் டவர். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் வரிசை வரிசையாக, தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக நிற்கின்றன. இரவில் கிழக்கே பார்த்தபடி நின்றால் கீழே மேட்டுப்பாளையத்து விளக்குகள். எனக்குப் பிடித்தது விளக்குகள்தான். புள்ளி வெளிச்சம் பக்கவாட்டுப் பிசகையும் மேல்கீழ்ப் பிசகையும் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

எவ்வளவு தூரம் போதும்? 38 மி.மீ. அடித்தளத்துக்கு, 100 மீட்டரில் உள்ள பொருள் 1.3 நிமிஷக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிஷம்) விலகித் தெரியும். ஒரு நிமிஷக் கோணம்தான் சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லை என்பார்கள். கோட்டோடு கோடு ஒத்திப் பார்க்கும்போது கண் அதைவிடவும் கூர்மை. ஆகவே 100 மீட்டரில் இருக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி முடிவிலி ஆகாது. ஒரு கிலோமீட்டரில் விலகல் 0.13 நிமிஷத்துக்கு இறங்கிவிடுகிறது, கவலையில்லை.

டவரைக் கண்ணாடியில் பார்த்து, லென்ஸை முடிவிலி முட்டும் வரை திருகி, எஃப்/2-ல் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். முட்டுவதற்கு முன்பே கூர்மை வந்து போய்விடுகிறது என்றாலோ, முட்டிய பிறகும் வரவில்லை என்றாலோ லென்ஸில்தான் கோளாறு. அப்போது ஃபைண்டரைத் தொடாதீர்கள். என் ஜூபிடர் முடிவிலியில் சுத்தமாக இருந்தது. ரேஞ்ச்ஃபைண்டரோ அதே டவரை இரண்டாகக் காட்டியது. இப்போதுதான் வாட்ச் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை.

தொடங்குவதற்கு முன், ரீவைண்ட் குமிழுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை நகர்த்தி ஃபைண்டரை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மங்கலாகத் தெரியும் பிம்பங்களை ஒத்திப் பார்ப்பது வீண் வேலை.

மேல்கீழ்ப் பிசகை முதலில் எடுக்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரின் சின்ன வட்ட ஜன்னலைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு வடிவத்தில் இருக்கும். அதைச் சுழற்றினால் இரண்டாவது பிம்பம் ஒரு வட்டப் பாதையில் நகரும். அதாவது மேலும் கீழும் போகும்போதே பக்கவாட்டிலும் கொஞ்சம் போகும். அதனால்தான் இதை முதலில் முடிப்பது. உயரம் சரியானதும் வளையத்தை மாட்டிவிட்டு, இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே முன்முகத்தில் இருக்கும் சின்ன மூடி ஸ்க்ரூவை எடுங்கள். அந்த ஓட்டைக்குள் இருக்கும் ஸ்க்ரூதான் பக்கவாட்டைச் சரிசெய்வது. மயிரிழை திருப்பினாலே பிம்பம் நகரும். திருப்பி, டிரைவரை வெளியே எடுத்து, லென்ஸை அருகில் கொண்டுவந்து மறுபடி முடிவிலிக்குத் திருகிப் பாருங்கள். டிரைவரின் அழுத்தம் இருக்கும்போது காட்டும் இடத்தை நம்ப வேண்டாம்.

முடிவிலி அமைந்ததும் 1 மீட்டர். கேமராவின் பின்பக்கம் திறந்தே இருப்பதால் கண்ணாடியிலிருந்தே டேப் பிடித்து அளக்கலாம். ஒரு அடிக்கோலை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடுவில் ஒரு குறியில் ஃபைண்டரைச் சேர்த்துவிட்டு, சால்வைக்குள் போய் எந்தக் குறி கூர்மை என்று பாருங்கள். முடிவிலி சரியாக இருந்து அருகில் மட்டும் பிசகினால் காரணம் அந்த நாக்கு. லைக்காவில் அந்த இடத்தில் உருளை இருக்கும். ஜோர்க்கியில் இருப்பது சாய்வான ஒரு நுனி, அதன் கோணத்தை மாற்றினால் தூரத்துக்கும் அருகுக்கும் உள்ள விகிதம் மாறும். மாற்றினால் முடிவிலியும் கலையும்; மறுபடி டவர், மறுபடி அடிக்கோல். பொறுமை இருந்தால் சில சுற்றுகளில் இரண்டும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுத்து நிலைக்கு வந்துவிடும்.

இந்தச் சுற்றுகளுக்கு நடுவில்தான் மிஸ்ட் வரும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் எதிர் மேடு நாள்கணக்கில் காணாமல் போகும். டவரும் இல்லை, சில்வர் ஓக்கும் இல்லை, மேட்டுப்பாளையமும் இல்லை. பாதி திருப்பிய கேமராவை மேஜையில் வைத்துக்கொண்டு வானம் வெளுக்கக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவிலியை வீட்டுக்குள் கொண்டுவர வழி இருக்கிறது.

முடிவிலியில் இருக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு பார்வைக் கோடுகளும் இணையாகப் போகின்றன. இணை என்றால் 5 மீட்டர் போனாலும் 38 மி.மீ. இடைவெளி 38 மி.மீ.தான். ஆகவே சுவரில் 38 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டால், ஒரு ஜன்னல் ஒரு கோட்டையும் மறு ஜன்னல் மற்றக் கோட்டையும் பார்க்கும். ஃபைண்டரில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒன்றைச் சிவப்பாகவும் ஒன்றைக் கறுப்பாகவும் வரையுங்கள். நேர்க் காட்சியில் இரண்டு, பிம்பத்தில் இரண்டு என நான்கு கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் மூன்றுதான் தெரியும். நடுவில் இருப்பது சிவப்பும் கறுப்பும் சேர்ந்தது. கேமரா டிரைபாடில், சுவருக்கு நேராக இருக்க வேண்டும். 5 மீட்டரில் கோட்டின் இடம் அரை மி.மீ. தவறினால், 380 மீட்டரில் உள்ள பொருளை முடிவிலியாக எடுத்துக்கொண்டதற்குச் சமம். வீட்டுச் சோதனைக்கு இது நல்ல கணக்கு.

ஜன்னலின் நடுவும் ஒளி போகும் நடுவும் எல்லாக் கேமராவிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் 38 என்ற எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு தெளிந்த தை மாதக் காலையில் டவரைப் பார்த்து முடிவிலியை அமைத்துவிட்டு, கேமராவை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து, கோடுகள் எந்த இடைவெளியில் சேர்கின்றன என்று பார்த்து வரைந்துவைத்தேன். வீட்டில் வர்ணம் பூச வந்தவரிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது வெளியே என்ன மழை அடித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

லென்ஸின் முடிவிலிக்கும் வீட்டுக்குள் வழி உண்டு. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றில் 135 மி.மீ. போல நீண்ட லென்ஸைப் போட்டு, முன்பே டவரைப் பார்த்து உறுதிசெய்த முடிவிலியில் வைத்துவிடுங்கள். ஜோர்க்கியில் உள்ள கண்ணாடியின் வெளுத்த முகத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். எஸ்.எல்.ஆரை ஜோர்க்கியின் லென்ஸுக்குள் பார்க்க வையுங்கள். இரண்டு லென்ஸும் முடிவிலியில் இருந்தால் அந்தப் பென்சில் கோடு எஸ்.எல்.ஆரில் கூர்மையாகத் தெரியும்.

இந்த ஊரின் ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லென்ஸில் பூஞ்சை வருவது எல்லாருக்கும் தெரியும். ஃபைண்டருக்குள் வருவதை யாரும் கவனிப்பதில்லை. பிம்பக் கட்டம் மங்கினால் முதலில் வெளி ஜன்னல்களைத் துடையுங்கள். மேல்மூடியைத் திறக்க நேர்ந்தால், உள்ளே உள்ள பாதிவெள்ளிக் கண்ணாடியின் மேல் துணியை வைக்கவே வைக்காதீர்கள். பழைய பூச்சு துணியோடு வந்துவிடும், திரும்ப வராது. ஊதும் பம்ப் மட்டும் போதும். பூச்சே வெளுத்துப்போன கேமராவுக்கு, பெரிய ஜன்னலின் நடுவில் ஒரு சின்னக் கறுப்பு டேப் துண்டு ஒட்டினால், நேர்க் காட்சி அந்த இடத்தில் இருண்டு இரண்டாவது பிம்பம் எடுப்பாகத் தெரியும். அந்தக் கண்ணாடி பசை விட்டுக் கழன்றிருந்தால் மட்டும் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை மறுபடி ஒட்டுவது கோணம் பிடிக்கும் வேலை.

எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூவின் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ். மலைப்பாதை பஸ்ஸின் குலுக்கலில் ஸ்க்ரூக்கள் மெல்லத் தளர்வது உண்மை, மேட்டுப்பாளையம் வரை கேமராவோடு இறங்கி ஏறினால் ஒரு தரம் சுவரைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் மாதிரி லென்ஸ் கழலாத ஜப்பான் கேமராக்கள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான்: கண்ணாடி, லென்ஸ், அப்புறம் ஃபைண்டர். வித்தியாசம், சரிசெய்யும் ஸ்க்ரூக்களை எட்டப் பெரும்பாலும் மேல்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். அவற்றின் கூட்டல்குறி ஸ்க்ரூக்களுக்கு ஜப்பான் அளவு டிரைவர் தனியாக உண்டு, அதையே வாங்குங்கள். சாதாரண டிரைவர் போட்டால் தலை வழுக்கிவிடும். ஃபெட்-2 வைத்திருப்பவர்கள் சுவர்க் கோடுகளை 67 மி.மீ.யில் தொடங்கலாம்.